எத்தனை கேம் இருக்கு?

மெமரி கார்டு போடும் கேம் கேசட் வாங்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இதுல எத்தனை கேம் இருக்கு?" ஒண்ணும் இல்லை என்பேன். முகம் விழுந்துவிடும். ஃபிளாஷ் கேசட் எனப்படும் இந்த வகை காலியாகத்தான் வரும், வரவும் வேண்டும். நாம் காசு கொடுப்பது, அசல் கேசட் செய்யும் வேலையை அப்படியே செய்யத் தெரிந்த மின்சுற்றுக்கு. சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் பழைய வீடியோ கேம்களை ரிப்பேர் பார்க்கும் எனக்கு, பாதி நாள் இதை விளக்குவதிலேயே போய்விடும். மீதிப் பாதியில்தான் சால்டரிங்.

அப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தவை சாமுராய், லிட்டில் மாஸ்டர் போன்ற பெட்டிகள். எல்லாம் 1983-ல் ஜப்பானில் வந்த நின்டென்டோ ஃபேமிகாமின் வழிவந்தவை. கூடவே 9999-இன்-1 கேசட். அதைத் திறந்து பார்த்தால் போர்டின் நடுவில் கறுப்புப் பிசின் ஒரு பொட்டு இருக்கும், அவ்வளவுதான். பட்டியலில் பத்தாயிரம் பெயர் ஓடும். உள்ளே நிஜமாக இருப்பது ஒரு கைப்பிடி கேம். பெயரைத் தேர்ந்தெடுத்ததும் நினைவகத்தில் ஓரிரு எண்ணை மாற்றி எழுதிவிட்டு, அதே பழைய நிரலுக்குள் குதித்துவிடும். இருபதாவது மாரியோவில் மூன்றாம் உலகத்திலிருந்து தொடங்குவீர்கள், முப்பதாவதில் கூடுதல் உயிர் இருக்கும். அதை எழுதியவன் கெட்டிக்காரன். ஆனால் எண்ணிக்கையை வைத்துக் கேசட்டை மதிப்பிடும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே ஏற்றிவிட்டான்.

ஃபேமிகாம் காலத்துக் கேசட் கணினியின் ஒரு பகுதி. சி.பி.யு.வின் கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெரியும் நிரல் இடம் 32 கிலோபைட். படங்களுக்கு இன்னொரு 8. 1985-ன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இந்த நாற்பதுக்குள் அடங்கியது. 1988-ல் வந்த மூன்றாம் மாரியோ 384 கிலோபைட். இயந்திரம் அதேதான், வளர்ந்தது கேசட். அதற்குள் எம்.எம்.சி.3 என்று ஒரு சிப். எந்த நேரத்தில் எந்தத் துண்டு நிரல் வேண்டுமோ அதை அந்த 32-க்குள் கொண்டுவந்து காட்டும். டிவி திரையில் வரையப்படும் வரிகளையும் எண்ணிக்கொண்டே வந்து, கீழே ஸ்கோர் பட்டை தொடங்கும் இடத்தில் சி.பி.யு.வைத் தட்டி எழுப்பும். இப்படிப்பட்ட சிப்புகளை நாங்கள் மேப்பர் என்போம். கோனாமி ஒரு படி மேலே போய், காசில்வேனியா 3-ன் ஜப்பானியக் கேசட்டில் கூடுதல் இசைக்கே வழி செய்திருந்தது.

ஆக, ஃபிளாஷ் கேசட் இத்தனை வேஷமும் கட்ட வேண்டும். மெமரி கார்டிலிருந்து கேமைப் படித்துத் தன் நினைவகத்தில் நிறுத்திக்கொண்டு, அந்தக் கேம் எந்த மேப்பரை எதிர்பார்க்கிறதோ அந்த மேப்பராகவே மாறி நிற்க வேண்டும். இதற்குத்தான் எஃப்.பி.ஜி.ஏ. இருக்கிறது. மென்பொருள் எழுதுவதுபோல ஒரு மின்சுற்றையே எழுதி ஏற்றக்கூடிய சிப் அது. உக்ரைனில் கிரிக்ஸ் என்ற பெயரில் இயங்குபவர் செய்யும் எவர்டிரைவ் வரிசை இதில் பேர்போனது. நின்டென்டோ பெட்டிக்கான அவருடைய என்8-ல் ஒரு கேமைத் தொட்டதும், அதற்கான மேப்பர் சுற்று கார்டிலிருந்து எஃப்.பி.ஜி.ஏ.வுக்குள் ஏறும். பிறகுதான் கேம் தொடங்கும்.

எந்தக் கேசட் வாங்கலாம் என்று கேட்டால், எந்தப் பெட்டி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். போட்டோ அனுப்பச் சொல்வேன். இங்கே பரணிலிருந்து இறங்குவது பெரும்பாலும் 60 கால் ஃபேமிகாம் வகை. அமெரிக்க என்.இ.எஸ்.க்கு 72 கால். கேசட் விற்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் விற்கிறார்கள். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு 72 காலை வரவழைத்துவிட்டு, கால் மாற்றும் அடாப்டர் கிடைக்குமா என்று வந்து நிற்பார்கள். கிடைக்கும். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் உயரத்தில், கை பட்டால் கேம் நின்றுவிடும்.

ஒலிக்கும் ஒரு கதை உண்டு. அசல் ஃபேமிகாமில் சத்தம் நேரே டிவிக்குப் போகாது. கேசட்டுக்குள் ஒரு காலில் நுழைந்து, பக்கத்துக் காலில் வெளியே வந்து, அப்புறம்தான் போகும். வழியில் கேசட் தன் இசையையும் கலந்துவிடலாம். நகல் பெட்டிகள் பலவற்றில் இந்தச் சுற்றுப்பாதையை விட்டுவிட்டுக் குறுக்கே கம்பி இழுத்திருப்பார்கள். அதில் எவ்வளவு உயர்ந்த ஃபிளாஷ் கேசட்டைச் செருகினாலும் கோனாமியின் கூடுதல் இசை வராது. கேசட் பழுது என்று திருப்பி அனுப்பக் கிளம்பியவர்களை நான் தடுத்திருக்கிறேன். வேகத்திலும் வித்தியாசம் இருக்கிறது. நம்மூர் நகல்கள் பெரும்பாலும் பால் (PAL) டிவி முறை, நொடிக்கு 50 படம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அது 60. நாம் ஓட்டிய மாரியோ அசலைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியவர். அசல் பெட்டியில் முதன்முதலாக விளையாடுகிறவர்கள், "என்னண்ணே, கேம் பறக்குது?" என்பார்கள்.

பெட்டியே ஒற்றைப் பிசின் பொட்டாக இருந்தால், விலையுயர்ந்த கேசட் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வியாபாரம் போகும், போகட்டும்.

அதிகம் வாக்குவாதம் வருவது வோல்ட்டேஜில்தான். இந்தப் பழைய பெட்டிகள் 5 வோல்ட்டில் ஓடுபவை. இன்று மலிவாகக் கிடைக்கும் ஃபிளாஷ் நினைவகம் 3.3 வோல்ட்டுக்குச் செய்தது. இரண்டையும் நேரடியாக இணைக்கக் கூடாது. நடுவே லெவல் ஷிஃப்டர் வேண்டும். மலிவுக் கேசட் செய்கிறவன் முதலில் கழிப்பது அந்தச் செலவைத்தான்.

அப்படிக் கழித்த ஒன்றைத் திறந்து லென்ஸுக்குக் கீழே வைத்தால் உடனே தெரிந்துவிடும். விளிம்பில் தங்கப் பற்கள். அவற்றிலிருந்து கிளம்பும் செம்புக் கோடுகள் வேறெங்கும் நிற்காமல் நேரே நினைவக சிப்பின் கால்களில் போய் முடியும். 5 வோல்ட் வரும் பல்லுக்குப் பக்கத்தில் இரண்டு டையோடுகள் வரிசையாக. ஒவ்வொன்றும் சுமார் 0.7 விழுங்க, மிச்சம் 3.6. சிப்புக்குச் சாப்பாடு சரியாகிவிட்டது. ஆனால் முகவரிக் கால்களில் இன்னும் 5 வோல்ட்தான் வந்து மோதுகிறது. கால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காப்பு டையோடு இருக்கும். மிகுதி மின்சாரம் அதன் வழியே சிப்பின் சொந்த மின்பாதைக்குள் ஏறும். சிப் சூடாகும், பெட்டியின் சி.பி.யு.வும் தாங்க வேண்டியதற்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கும். எதிர்த்திசையில், சிப் பதில் சொல்லும்போது அதன் "ஒன்று" 3.3 வோல்ட்தான். எதிரே இருக்கும் சிப் 3.5-ஐத் தாண்டினால்தான் ஒன்று என்று ஏற்கும் வகையாக இருந்தால், காலையில் ஓடும் கேம் மதியம் ஓடாது.

நல்ல கேசட்டில் தங்கப் பற்களுக்குப் பின்னாலேயே, 164245 என்று முடியும் எண் பொறித்த 48 கால் சிப்புகளோ அவற்றைப் போன்றவையோ வரிசை கட்டி நிற்கும். ஒரு பக்கம் 5, மறுபக்கம் 3.3. அவற்றைப் பார்த்துவிட்டால் எனக்குப் பாதி நிம்மதி.

"அதெல்லாம் சரிண்ணே, என் ஃபிரெண்டு ரெண்டு வருஷமா இந்த மலிவு கேசட்தான் வெச்சிருக்கான், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். வாஸ்தவம். சேதம் முதல் நாளில் தெரிவதில்லை, சில பெட்டிகளில் தெரியாமலே போகலாம். ஆனால் இருநூறு ரூபாய் லெவல் ஷிஃப்டரை மிச்சப்படுத்துவதற்காக, இனி யாரும் செய்யப்போவதில்லை என்கிற ஒரு சி.பி.யு.வைப் பணயம் வைப்பது என் கணக்கில் சரிவராது. கேசட் போனால் இன்னொன்று வாங்கலாம்.

பெட்டிக்குள் இருக்கும் 7805 ரெகுலேட்டரையும் மறந்துவிடுவார்கள். அடாப்டரிலிருந்து வரும் 9 வோல்ட்டை 5 ஆக்கி, மிச்ச 4-ஐ வெப்பமாகக் கொட்டும் சிப் அது. ஃபிளாஷ் கேசட் 100 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்தால் அதன் தலையில் இன்னும் 0.4 வாட். அசல் பெட்டியில் அலுமினியத் தகடு வைத்திருப்பார்கள், தாங்கும். நகலில் தகடும் இருக்காது, வெப்பக் களிம்பும் இருக்காது. சென்னை மே மாதம் வேறு. என்னிடம் வரும் பெட்டிக்கு நானே ஒரு தகடு வைத்துத்தான் கொடுக்கிறேன்.

மலிவுக் கேசட் செய்யும் இன்னொரு கெடுதல் போர்டின் தடிமனில் இருக்கிறது. சூப்பர் நின்டென்டோ கேசட்டின் போர்டு 1.2 மில்லிமீட்டர், கேம் பாயுடையது 0.8. ஆனால் தொழிற்சாலைகளில் எல்லாவற்றையும்விட மலிவாகக் கிடைப்பது 1.6. அதையே வெட்டி, விளிம்பைச் சரிவாகச் சீவாமல் அனுப்பிவிடுகிறார்கள். செருகும்போது இறுக்கமாக, தரமாக இருப்பதுபோலத் தோன்றும். அது சாக்கெட்டின் விரல்களை விரித்துவிடும். பிறகு அசல் கேசட்டைப் போட்டால் அது தொளதொளவென்று உட்காரும், படம் வராது. உடனே எடுத்து ஊதுவார்கள். ஊதினால் எச்சில் ஈரம். கடற்கரை ஊரில் பித்தளையும் செம்பும் ஏற்கெனவே பச்சை பூத்துக்கொண்டிருக்கின்றன. நாமும் உதவ வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பற்களைத் துடைத்துக் காயவிட்டுச் செருகினால் போதும்.

சூப்பர் நின்டென்டோவில் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். இதற்கு மட்டும் நியாயமான காரணம் உண்டு. 1993-ன் ஸ்டார் ஃபாக்ஸ் கேசட்டுக்குள் சூப்பர் எஃப்.எக்ஸ். என்று தனிச் சிப்; 1996-ன் சூப்பர் மாரியோ ஆர்.பி.ஜி.யில் எஸ்.ஏ.-1, பெட்டியின் சி.பி.யு.வைவிட வேகமான இன்னொரு சி.பி.யு.; மாரியோ கார்ட்டில் கணக்குப் போட ஒரு டி.எஸ்.பி. மலிவு ஃபிளாஷ் கேசட் இவற்றைக் கண்டால் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். இக்காரி என்பவர் செய்த எஸ்டி2எஸ்னெஸ் எஃப்.பி.ஜி.ஏ.வில் ஓடுவது, பின்னாளில் எஃப்.எக்ஸ்.பாக் என்று பெயர் மாறியது. அது விற்பனைக்கு வந்தபோது சூப்பர் எஃப்.எக்ஸ்.ஸோ எஸ்.ஏ.-1-ஓ அதில் ஓடாது. பல வருஷம் கழித்து, 2018-ல், ஆர்வலர்கள் அந்தச் சிப்புகளின் நடத்தையை எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் ஒரு கோப்பைக் கார்டில் போட்டுக்கொண்டதோடு சரி, அதே கேசட்டில் அந்தக் கேம்களும் ஓடின. எஃப்.பி.ஜி.ஏ.வுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயத்துக்காகத்தான். ஆனால் தனிச் சிப் வைத்த கேம்கள் மொத்தத்தில் சில டஜன்தான். உங்களுக்கு வேண்டியவை அந்தப் பட்டியலில் இல்லையென்றால், லெவல் ஷிஃப்டர் ஒழுங்காக வைத்த நடுத்தர விலைக் கேசட்டே தாராளம்.

சேகா மெகா டிரைவில் இந்தத் தலைவலி குறைவு. தனிச் சிப் என்று சொல்ல 1994-ன் வர்ச்சுவா ரேசிங்தான். 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவை இந்தியாவில் விற்றபோது விலை 18,000 ரூபாய். அன்றைக்கு அது யார் வீட்டில் இருந்திருக்கும்? என்னிடம் வருபவை பெரும்பாலும் துபாய், சிங்கப்பூரிலிருந்து மாமாக்கள் கொண்டுவந்தவை. இதில் அடாப்டரைப் பாருங்கள். முதல் மாடலுக்கு 9 வோல்ட், நடு முள் நெகட்டிவ். இரண்டாம் மாடலுக்கு 10 வோல்ட், நடு முள் பாசிட்டிவ். தெருவில் வாங்கிய யுனிவர்சல் அடாப்டரின் முனையைத் திருப்பி மாட்டி, பெட்டியோடு கேசட்டையும் சேர்த்துப் பலி கொடுத்தவர்கள் உண்டு.

சேவ் செய்வதில் அழுகைகூடப் பார்த்திருக்கிறேன். பழைய கேசட்டுகளில் நீங்கள் விளையாடிய கணக்கு ஒரு சின்ன ரேமில் இருக்கும். அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு பொத்தான் பேட்டரி. போக்கிமான் கோல்டு, சில்வரில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் சீக்கிரம் தீரும். ஃபிளாஷ் கேசட்டில் கேம் தன் வழக்கப்படி ரேமில்தான் எழுதும். அதை எடுத்து மெமரி கார்டில் வைப்பது கேசட்டின் சொந்த நிரல். மலிவு மாடல்களில், பவரை அணைக்கும் முன் ரீசெட்டை அழுத்தி மெனுவுக்குத் திரும்பினால்தான் அந்த வேலை நடக்கும். விலை கூடினவற்றில் ரேமுக்குப் பேட்டரி இருக்கும், அடுத்த முறை போடும்போது தானே எழுதிக்கொள்ளும். வாங்குமுன் விற்பவரிடம் இதைக் கேளுங்கள். தெரியாது என்றால் ரீசெட் வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நின்டென்டோ 64-ல் சேவ் முறையே நாலைந்து வகை. கேமின் பெயர் கேசட்டுக்கு அடையாளம் தெரியாவிட்டால் தவறான வகையைத் தேர்ந்தெடுத்துவிடும். விளையாட்டு ஓடும், கணக்கு மட்டும் தங்காது.

கார்டுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 8 பிட் நின்டென்டோவுக்கு உரிமத்தோடு வந்த கேம் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஜி.பி.க்குள் அடங்கும். நல்ல கம்பெனியின் 8 அல்லது 16 ஜி.பி. கார்டு, ஃபேட்32 முறையில் ஃபார்மேட். தெருவில் மலிவாகக் கிடைக்கும் 128 ஜி.பி. கார்டில் பாதி போலி. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, உண்மை அளவு தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும். எஃப்3 என்ற இலவச நிரலில் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்காமல் நான் எந்தக் கார்டையும் கேசட்டில் போடுவதில்லை. ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் கோப்பு போட்டால் மெனு திறக்கவே நேரமாகும். எழுத்து வாரியாகப் பிரித்துவிடுங்கள்.

கேமை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால், உங்கள் பழைய கேசட்டுகளைக் கொண்டுவாருங்கள் என்பேன். சன்னி என்பவர் வடிவமைத்த திறந்தமூல கேசட் ரீடர் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். செருகினால் நிரலையும் சேவையும் படித்துக் கார்டில் தரும். முறையாகக் கையில் வைத்திருக்கும் நிரலை, அழிந்துபோகாமல் இருக்கப் பிரதி எடுத்து வைப்பதை 1957-ன் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கார்டில் ஆயிரம் கேம் நிரப்பி விற்பது வேறு சமாசாரம். அதற்கு என் கடையில் இடமில்லை. இதைச் சொன்னதும் பாதிப் பேர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

எனக்குப் பிடித்த வாடிக்கையாளர்கள் புதிதாகக் கேம் எழுதுகிறவர்கள். 2019-ல் வந்த மைக்ரோ மேஜஸ், முதல் மாரியோவைப் போலவே 40 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்ட ஃபேமிகாம் வகைக் கேம். அதைப் பார்த்துவிட்டு 6502 அசெம்ப்ளி கற்றுக்கொண்ட இன்ஜினியரிங் மாணவன் ஒருவன் சமீபத்தில் வந்தான். அவன் எழுதிய கேம் கம்ப்யூட்டர் எமுலேட்டரில் அருமையாக ஓடியது. என் மேஜையில் இருந்த அசல் ஃபேமிகாமில் ஃபிளாஷ் கேசட் வழியாக ஏற்றினோம். தலைப்பு வந்தது, ஆரம்பித்ததும் பின்னணி சிதறியது. ஒரு தடவை அணைத்துப் போட்டால் ஸ்கோர் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் ஏதோ பெரிய எண்ணில் நின்றது.

"எமுலேட்டர்ல ஒரு தடவைகூட இப்படி வரலண்ணே."

"உன் எமுலேட்டர் ரேமை பூஜ்யம் போட்டுத் துடைச்சுக் குடுக்குது தம்பி. இது குடுக்காது. பவர் போட்டதும் உள்ள என்ன கிடக்குதோ அதுதான். நீதான் துடைக்கணும்."

"பின்னணி?"

"டிவி வரைஞ்சுகிட்டிருக்கும்போதே நீ பட நினைவகத்துல எழுதுற. ஃபிரேம் முடிஞ்சு அடுத்தது தொடங்குறதுக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி கிடைக்கும், அதுக்குள்ள முடி."

லேப்டாப்பை அங்கேயே திறந்து உட்கார்ந்துவிட்டான். திருத்துவான், கார்டை எடுத்து எழுதுவான், கேசட்டில் செருகுவான், பார்ப்பான். முன்பெல்லாம் இதே வேலைக்கு இ.பி.ராம் சிப்பைப் புற ஊதா விளக்கின் கீழே கால் மணி நேரம் வைத்து அழித்து, மறுபடி எழுதி, சாக்கெட்டில் பொருத்த வேண்டும். ஸ்கோர் அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது. பின்னணி மட்டும் மூன்றாவது கட்டத்தில் எதிரிகள் கூடும்போது இன்னும் சிதறுகிறது. எதிரிகளைக் குறைத்துவிடு என்றேன். அவனுக்கு மனசில்லை. அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று போயிருக்கிறான்.